ரசீது எண் 214

ஃபர்வானியா. எங்கள் சலவைக் கடை டிவிக்கு
ரமலானிலிருந்து குரல் இல்லை.
படம் வரும், கீழே அரபி ஓடும்.
எனக்குத் தெரிந்த அரபி எண்களும்
'புக்ரா'வும்தான். நாளைக்கு வா.

இரண்டு நாற்காலி, இரண்டு தலைவர்கள்,
நடுவில் யாரும் தொடாத தண்ணீர்.
பெரிய நாட்டுக்காரர் விரலை நீட்டினார்.
சின்ன நாட்டுக்காரர் சிரிக்கப் பார்த்து
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
பின்னால் மொழிபெயர்ப்பவள்
பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

நான் துணியைத்தான் பார்ப்பேன். பதினோரு வருடத் தொழில்.
பெரியவர் கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது:
காரிலிருந்து இறங்கிய பிறகு
யாரோ நீராவி காட்டியிருக்கிறார்கள்.
சின்னவருக்கு முழங்கை நசுங்கியிருந்தது.
விமானத்தில் கோட்டோடு தூங்கியிருக்கிறார்,
தூங்கியிருந்தால்.

இரண்டு சட்டைக்கு வந்த எகிப்துக் கணக்கர்
உஸ்தாத் ஷௌகி கவுண்டரில் தட்டினார்:
"ஆம்பளைன்னா இப்படி! முகத்துக்கு நேரா!"
இருவரில் யார் என்று சொல்லவில்லை.
நைட் டியூட்டிக்குக் கிளம்பிய மரிசெல்
"அந்தப் பொண்ணுக்கு யாராவது தண்ணி குடுங்களேன்" என்றாள்.
வாட்ச்மேன் தில்பகதூர் பந்தயம் கட்டினான்,
கைகுலுக்க மாட்டார்கள், அரை தினார்.
அறந்தாங்கியிலிருந்து மைத்துனன் குரல் அனுப்பினான்:
"மச்சான், அங்க ஒண்ணும் ஆகாதுல்ல?
டாலர் ஏறுமாம். பணத்த இப்ப அனுப்பாத,
ரெண்டு நாள் பொறு."

ஏழு திஷ்தாஷாவுக்கு வந்த பூ நாசர்
சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
"தொண்ணூறு ஆகஸ்டுக்கு முந்தியும்
பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க.
நாங்க ஏசியைப் போட்டுத் தூங்கினோம்."
யாரும் பேசவில்லை.
பிறகு அவரே, "காலருக்குக் கஞ்சி ஜாஸ்தி,
போன தடவையே சொன்னேன்."

இவ்வளவு நேரமும் ஹேங்கர் வரிசையோரம்
நின்றுகொண்டிருந்தான் இருநூற்றுப் பதினாலு.
ஓட்டலில் பியானோ வாசிப்பவன்,
தங்கப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, ஒன்பது மணிக்கு வேண்டும்.
முதலில் நான் கவனிக்கவில்லை.
திரையில் சின்னவர் உதடு அசைந்தபோதெல்லாம்
இவன் உதடும் அசைந்தது.
சத்தமில்லாமல். ஒரு இமைப்பொழுது பிந்தி.

"உன் ஊரா?" என்றேன்.
தலையை அசைத்தான்.
"என்ன சொல்றார்?"
"தேதி கேட்கிறார்."
"என்ன தேதி?"
"ஏதாவது ஒரு தேதி. நாலாவது தடவையா கேட்கிறார்."

பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து என்னவோ சொன்னார்.
அது இவனுக்கு வராத மொழி.
இவன் ஷௌகியைப் பார்த்தான்,
ஷௌகி கண்ணாடியை ஏற்றிக் கீழே ஓடும் எழுத்தைப் படித்தார்.
இந்த முறை தட்டவில்லை.
"புக்ரா" என்றார். "புக்ராங்கிற மாதிரி ஏதோ."

எனக்குக் காது சுட்டது.
துணி தொலைந்துபோன அன்று
இதே கவுண்டரில் நின்று
நாங்கள் சொல்லும் வார்த்தை அது.

கடைசியில் கைகுலுக்கினார்கள். நீளமாக.
அது குலுக்கல் இல்லை, பிடித்துவைத்திருக்கிறார் என்று
தில்பகதூர் வாதாடினான்.
யாரும் அரை தினார் கேட்கவில்லை,
அவனே வைத்துவிட்டுப் போனான்.

நீலக் கோட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து
அங்கேயே போட்டுக்கொண்டான்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
மூன்று பொத்தானும் மாட்டி, கதவைத் தள்ளி,
வெயில் போயும் சூடு போகாத தெருவில் இறங்கினான்.
அப்போதுதான் பார்த்தேன்,
இடது முழங்கையில்
நான் தேய்க்காமல் விட்ட ஒரு சுருக்கம்.

கூப்பிட ஓடினேன்.
என்ன பெயர் என்று ரசீதைப் புரட்டினால்
பெயர் எழுதுமிடத்தில்
என் கையெழுத்தில்
'நீலக் கோட்டு'.