சான்றுப் பொருள் மூன்று

தாராபுரம் கோர்ட்டில் தொண்டி அறை என் பொறுப்பு.
இருக்கிற ஒரு ஜன்னலையும் மூட்டை அடைத்திருக்கும்.
தீர்ப்பில் யாரும் படிக்காத கடைசி வரிக்குத்தான்
நான் வேலைக்காரன்:
மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழித்துவிடவும்.

இன்றைக்கு அழிக்க வேண்டியவை:
லுங்கி ஒன்று.
ரத்தம் தோய்ந்த மண், ஒரு பொட்டலம்.
தோயாத மண், ஒரு பொட்டலம்.
அருவாள், பிடி கழன்றது, சா.பொ. 3.
டிவிஎஸ் வண்டியை மட்டும்
உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

உரியவர் வந்திருந்தார்.
நாச்சிமுத்து, மூலனூர்ப் பக்கம்.
ஐகோர்ட்டிலும் விடுதலை உறுதியாகி ஏழு மாசம்.
டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர்
அப்புறம் அருவாளைப் பார்த்தார்.

"அது இல்லீங்க."

"எது?"

"அந்த அருவா. போலீசுக்காரங்க எங்கியோ எடுத்தாந்ததுங்க.
மம்மட்டிங்க.
தெய்வசிகாமணி குனிஞ்சு மடை திருப்பிட்டு இருந்தானுங்க.
அன்னிக்கு எங்க முறைத் தண்ணிங்க."

கொலைக்கும் ஒரு 'ங்க' போடுகிற ஊர்
எங்களுடையது.

மம்மட்டி பத்திரமாக இருக்கிறதாம்.
இந்த வருஷம் சோளத்துக்கு
அதில்தான் வரப்புக் கட்டினாராம்.

இந்தக் காயம் இந்த அருவாளுக்குப் பொருந்தாது
என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார்.
நீதிபதி நம்பினார். நம்பியது சரி.
விட்டதும் சரி.
ஆள்தான்

"ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னனுங்க.
ரைட்டர் டீ வாங்கிக் குடுத்து அனுப்பீட்டாருங்க.
முடிஞ்ச கேசு, மறுக்கா எழுத எடமில்லீன்னு."

இல்லைதான். எனக்குத் தெரியும்.
ஒரே குற்றத்துக்கு ஒருவரை
இரண்டு தடவை கூண்டில் ஏற்ற முடியாது.
அந்தப் பூட்டை வாய்விட்டுத் திட்டப் போனபோது
பாவாத்தாள் வந்து குறுக்கே நின்றாள்.

மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவள்.
புருஷன் குடித்த பூச்சிமருந்துக்கு
நாலு வருஷம் வாய்தாவுக்கு வந்தவள்.
விடுதலைக்குப் பிறகும் மாமனார்
ஆடிக்கு ஒரு மனு, தைக்கு ஒரு மனு.
தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று கேட்டாள்:
"இனிக் கூப்பிட மாட்டாங்க இல்லீங்களா?"
மாட்டார்கள் என்றேன்.
அதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னாள்.

அவள் வீட்டு வாசலிலும் தொங்குவது
இதே பூட்டுத்தான்.

பதிவேட்டை நீட்டினேன்.
வண்டி ஒன்று, பெற்றுக்கொண்டேன்.
கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.
"அவ்வளவுதானுங்களா?"
"அவ்வளவுதான்."
இன்னும் ஏதோ பக்கம் இருப்பதுபோல்
பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு வருஷம் நின்ற வண்டி, உதைத்தும் கிளம்பவில்லை.
எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு போனார்.

பின்கட்டில் லுங்கி சீக்கிரம் எரிந்தது.
இரண்டு மண்ணையும் ஒரே குழியில் கொட்டினேன்.
எது தோய்ந்தது, எது தோயாதது,
கொட்டிய பிறகு எனக்கும் தெரியவில்லை.

அருவாள் எரியாது. உடைக்க வேண்டும்.
கல்லில் வைத்து நாலு அடி.
ஒரு பாவமும் அறியாத இரும்பு,
நாலாவது அடியில்தான் உடைந்தது.

சா.பொ. 3, அழிக்கப்பட்டது என்று எழுதித்
தேதி போட்டேன்.