முழங்கைக்குக் கட்டம் இல்லை

புந்தா அரேனாஸில் வசந்தம் என்பது காற்று.
நகராட்சி ஆட்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்.
மணிக்கு நூறைத் தாண்டும் நாட்களில்
வங்கி மேலாளரும் ரொட்டிக் கடைப் பெண்ணும் நானும்
அதைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்கிறோம்.

காலை ஏழரை. ரத்தம் எடுக்கும் அறை.
வெறும் வயிற்றோடு எதெல்மிரா பார்ரியா,
ஐம்பத்தேழு வயது, பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
இடது கையில் நரம்பு அகப்படவில்லை.
"வலதில் பார், யெர்கோ.
இடது எப்போதும் ஒளிந்துகொள்ளும்."
ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி.
ஒவ்வொரு குழாயையும் கவிழ்த்து நிமிர்த்துகிறேன், எட்டு முறை,
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல.
குலுக்கினால் அணுக்கள் உடைந்துவிடும்.

இடுப்புக்கு நாடா. நூற்றுநான்கு.
மூச்சை உள்ளே இழுத்திருந்தாள்,
நானும் கவனிக்காததுபோல் எழுதிக்கொண்டேன்.

ஆய்வுக்கென்று தலைநகரிலிருந்து வந்த பெட்டியில்
கைப்பிடியை அளக்கும் கருவி ஒன்று.
"இறுக்குங்கள். இன்னும். இன்னும்."
பதினாலு கிலோ.
மறுபடி.
பதிமூன்றரை.
முள்ளைப் பார்த்தாள். பிறகு தன் கையை,
இரவல் கொடுத்து
உடைந்து திரும்பி வந்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல.

கைகளை மார்பில் கட்டி, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ வேண்டும்.
மூன்றாவதில் சிரித்தாள்.
ஐந்தாவதற்குச் சிரிப்பு மிச்சமில்லை.
தரையில் ஒட்டிய நாடாவுக்குள் நாலு மீட்டர் நடக்கச் சொன்னேன்.
"இங்கே காற்றே இல்லையே,
இதில் நடப்பதை எதற்கு அளக்கிறாய்?"

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோதுதான் சொன்னாள்.
ஆகஸ்டில் ஒரு நாள், வேன் கதவைத் திறந்தாளாம்.
காற்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.
கீல் வளைந்தது. ஒரு பையனின் சாப்பாட்டு டப்பா
ஜலசந்தியை நோக்கி உருண்டு போனது.
யாருக்கும் அடியில்லை.
அன்றுமுதல் கதவைச் சாத்துவது
ஆறாம் வகுப்பு மிலென்கா.
"தலைவலி என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
தலைவலிக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று
அவள் கேட்கவேயில்லை, புத்திசாலிப் பெண்."
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

மதியம் இயந்திரம் துப்பியது:
மூன்று மாதச் சர்க்கரை ஏழு புள்ளி எட்டு.
கொழுப்பு, எதிர்பார்த்த இடத்தில்.
அழற்சிக்கான புரதம் மட்டும் ஏறியிருந்தது.
சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது;
புகை இல்லை, வாசம் இல்லை,
எந்த அறையில் எரிகிறது என்று வீட்டுக்காரிக்கும் தெரியாது.

"இதனால் அது தளர்கிறதா,
அது தளர்ந்ததால் இது ஏறுகிறதா?" என்று டாக்டரைக் கேட்டேன்.
"அதைத்தானே தேடுகிறோம்" என்றார்,
பேனாவை எங்கே வைத்தோம் என்று தேடியபடி.

ஒன்று சொல்ல மறந்தேன்.
அன்று இயந்திரத்துக்குள் பெயரில்லாத குழாய் ஒன்றும் போனது.
எனக்கு நாற்பத்துநாலு வயது.
பெல்ட்டில் புது ஓட்டை போட்டு ஒரு வருஷம் ஆகிறது.
வந்த காகிதத்தை நாலாக மடித்துச்
சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

மாலை, போரியஸ் தெரு முனை.
எனக்கு முன்னால் எதெல்மிரா,
ஒரு கையில் உருளைக்கிழங்குப் பை.
கயிற்றை அவள் கையால் பிடிக்கவில்லை.
முழங்கையை மடக்கி,
நான் காலையில் ஒட்டிய பிளாஸ்திரிக்குக் கொஞ்சம் கீழே
கயிற்றை இடுக்கிக்கொண்டு
பக்கவாட்டில், நண்டுபோல, போய்க்கொண்டிருந்தாள்.
நடுவில் ஒரு தரம் காற்று அவளைச் சுழற்றியது.
நின்றாள்.
அது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடி நகர்ந்தாள்.

என் படிவத்தில் முழங்கைக்குக் கட்டம் இல்லை.

பச்சை விழுந்தது.
சட்டைப் பையைப் பொத்தியிருந்த கையை எடுத்தேன்.
காகிதம் உள்ளேயே இருக்கட்டும்.
யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
முழங்கையை மடக்கினேன்.