பதினொரு நாள்

முத்திரையில் தேதியை நகர்த்துவதுதான்
காலையில் என் முதல் வேலை.
சின்னப் பற்சக்கரம், கட்டைவிரலால் ஒரு தள்ளு.
இரவெல்லாம் ஏரிப் பக்கமிருந்து பனி அடித்திருந்தது.
கோர்ட் படிகளில் யாரோ உப்புத் தூவியிருந்தார்கள்.

எட்டரைக்கே வந்து நின்றார்,
பனி வாரும் வண்டிக்காரர்களின் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு.
மனுவை ரொட்டிக் கடைப் பையில் சுற்றியிருந்தார்,
நனையாமலிருக்க.
பெயர் வெண்டல் ப்ரூசாக்.
பிரதிவாதி, சிறுவர் ஐஸ் ஹாக்கி சங்கம்.
பயிற்சியாளர் செத்துப் பன்னிரண்டு வருடமாம்.
அவர் பெயரில் கோப்பை இன்னும் கொடுக்கிறார்களாம்.
நான் கேட்காமலே
அதை மட்டும் சொன்னார்.

புதுச் சட்டம் ஒரு வருடத்துக்கு
ஜன்னல் ஒன்றைத் திறந்துவைத்திருக்கிறது.
எத்தனை பழைய வழக்கானாலும் அதன் வழியே வரலாம்.
வரும் வெள்ளி மாலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவோம்.
ஏன் ஜன்னல், ஏன் கதவில்லை என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"அன்றைக்கும் நீங்கள்தான் இருந்தீர்கள்."

என்றைக்கு?

"தொண்ணூறில். எனக்கு இருபத்து மூன்று வயதும்
பதினொரு நாளும்.
உங்கள் கட்டைவிரலில் பிளாஸ்திரி.
காலண்டரைப் பார்த்தீர்கள்.
இருபத்து மூன்றோடு கெடு முடிந்தது தம்பி,
கட்டணத்தை வீணாக்காதே என்றீர்கள்.
பேனாவைத் திருப்பிக் கேட்டீர்கள்."

துழாவிப் பார்த்தேன்.
தொண்ணூறில் எனக்கு ஒரு கைக்குழந்தை,
ஒழுகும் கொதிகலன், தவணையில் வாங்கிய கார்.
பிளாஸ்திரி எதற்கென்று தெரியவில்லை.
கத்தியாக இருக்கலாம். காகிதமாகவும் இருக்கலாம்,
காகிதம் அறுப்பது பலருக்குத் தெரியாது.
அவர் முகம் வரவே இல்லை.
முப்பத்து மூன்று வருடம்
ஒரு மனிதனின் தூக்கத்துக்குள்
கவுன்ட்டர் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்,
சம்பளமில்லாமல்.

அன்று நல்லதுதான் சொன்னதாக நினைத்திருப்பேன்.
நூறு டாலரை மிச்சப்படுத்திக் கொடுத்தேன் என்று
வீட்டில்கூடச் சொல்லியிருப்பேன்.

கெடு முடிந்தது.
கெட்டது முடியவில்லை.

பதினொரு நாள் முன்னால் எங்கிருந்தீர்கள் என்று
கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"அந்த ரிங்கில் வேலை பார்த்தேன்.
ஸ்கேட் கத்திகளைத் தீட்டும் இடத்தில்.
அந்த வாசனை இல்லாத ஊர் போன பிறகுதான்
வாய் வந்தது."
ஈர இரும்பின் வாசனை எப்படியிருக்கும் என்று
எனக்குத் தெரியும். என் மகனும் ஆடினான்.
அதே சங்கம். மூன்று குளிர்காலம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
மகனிடமும் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

கையெழுத்துக்கு இடம் காட்டினேன்.
பேனாவை நீட்டினேன்.
"வேண்டாம், கொண்டுவந்திருக்கிறேன்."
மெதுவாக எழுதினார், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக,
பள்ளிக்கூடத்தில் போல.

முத்திரை குத்தினேன். மை மங்கல்.
மறுபடி குத்தினேன்.
எட்டு நாற்பத்தேழு என்று நேரமும் விழுந்தது.
அந்த நகலை நெடுநேரம் பார்த்தார்.
"சாலை முழுக்கப் பனி, போகணும்" என்றார்.
ரொட்டிப் பையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்று செவ்வாய்.
வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரும்.
திங்களன்று ஒருத்தி வருவாள், அல்லது ஒருவன்.
அறுபது வயதோ முப்பதோ,
மூன்று நாள் பிந்தி, வாய் அப்போதுதான் வந்து.
அவர்களுக்குச் சொல்ல
என்னிடம் அதே வாக்கியம்தான் இருக்கிறது.
கட்டைவிரலைப் பார்த்துக்கொள்கிறேன்.