கடைசி நாற்பத்தைந்து கிலோ

பிரின்ஸ் எட்வர்டு தீவில் மண் சிவப்பு.
மழை விட்ட மறுநாள் சாலையோரம் ஓடும் நீரும் சிவப்பு,
கடலில் போய்ச் சேரும் இடம் வரைக்கும் சிவப்பு.
அதில் வேறு என்ன கரைந்து போகிறதென்று
நிறம் சொல்லாது.

ஆர்டித் புவாரியே கணக்குப் பார்க்கிறாள்.
தம்பி குளோவிஸ் டிராக்டர் ஓட்டுகிறான்.
நாற்பது ஹெக்டேர், எல்லாம் ரஸெட் கிழங்கு,
வறுவல் ஆலையோடு ஒப்பந்தம்.
ஹெக்டேருக்கு நூற்றெண்பது கிலோ தழைச்சத்து.
யார் சொன்ன எண் என்று கேட்டால்
"போடுவது அதுதான்" என்பான்.

உரவிலை ஏறிய மார்ச்சில்
ரசீதின் பின்பக்கம் அவள் நான்கு பட்டை வரைந்தாள்:
பூஜ்யம், தொண்ணூறு,
நூற்று முப்பத்தைந்து, நூற்றெண்பது.
"பூஜ்யமா?"
"சும்மா விட்டால் மண் என்ன தரும் என்று
ஒரு தடவையாவது கேட்டுப் பார்ப்போமே."

ஜூலையில் பூஜ்யம் வெளுத்தது.
பச்சை வயலின் நடுவே
சலவையில் சாயம் போன கைபோல,
சாலையிலிருந்தே தெரிந்தது.
எல்வுட் மக்ஃபெயில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்.
கையசைத்தார். அது குளோவிஸுக்குக்
கேலியாகப் பட்டது.

ஒரு திங்கட்கிழமை விடியலில்
பூஜ்யத்தின் பாதிதூரம் வரை டயர்த் தடம்.
சால்களில் வெள்ளை மணிகள்
இன்னும் கரையாமல், பனியில் வியர்த்துக்கொண்டு.
ஆர்டித் ஒன்றும் கேட்கவில்லை.
தடம் நின்ற இடத்தில் குச்சி நட்டு
நீலத்துணி கட்டினாள்.
இதற்கு அப்பால் மட்டுமே பூஜ்யம்
என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தழைச்சத்து.
தமிழ் அதற்கு வைத்த பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது:
அது முதலில் தழையைத்தான் பார்க்கும்.
இவர்கள் விற்பதோ மண்ணுக்குள் இருப்பதை.
செப்டம்பர் பாதி போயும்
நூற்றெண்பதின் செடிகள் சாக மனமில்லாமல் நின்றன.
கீழே கிழங்கின் தோல்
கட்டைவிரல் பட்டாலே
நனைந்த காகிதமாய் உரிந்தது.
உப்புநீர் வாளியில் போட்டார்கள்.
மற்றவை மூழ்கின.
நூற்றெண்பதில் மூன்று கிழங்கு
முடிவெடுக்காமல் நடுவில் தொங்கின.

அக்டோபரில் எடை.
பூஜ்யம், மிஞ்சிய பாதியில் அளந்து பெருக்கியது: இருபத்தாறு டன்.
தொண்ணூறு: முப்பத்தாறு.
நூற்று முப்பத்தைந்து: முப்பத்தெட்டு புள்ளி ஆறு.
நூற்றெண்பது: முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

முதல் மூட்டைகள் மாடாய் உழைத்திருக்கின்றன.
கடைசி நாற்பத்தைந்து கிலோ
சும்மா நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.
முன்னூறு கிலோ கிழங்கு, தொண்ணூறு டாலர்.
அதை விளைவிக்கப் போட்ட உரம்
தொண்ணூற்றொன்பது.

"ஒன்பது டாலர்," என்றான் குளோவிஸ்.
"ஒன்பது டாலருக்கா இத்தனை குச்சியும் துணியும்?
அதைக் கொடுத்து நான் ராத்திரி தூங்குகிறேன்.
அடுத்த வருஷம் ஜூனில் கொட்டித் தீர்த்தால்?
பாதி கழுவிக்கொண்டு போனால்?"

அதில் நியாயம் இருந்தது.
ஒரு வருடம் ஒரு வருடம்தான்.
ஆர்டித்துக்கும் அது தெரியும்,
அதனால்தான் பதில் சொல்லாமல்
குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள்.
காந்தத்தின் கீழ் கிணற்றுநீர்ச் சோதனைச் சீட்டு:
நைட்ரேட் எட்டரை.
பத்து வரை குடிக்கலாமாம்.
கழுவிக்கொண்டு போனது எங்கே போனதென்று
அந்தச் சீட்டுக்குத் தெரியும்.
வரவிலும் செலவிலும் அதற்குப் பத்தி இல்லை.

குளோவிஸ் குழாயைத் திறந்து
ஒரு டம்ளர் பிடித்தான்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.
தெளிவாகத்தான் இருந்தது. குடித்தான்.

ஜனவரியில் உர ஆர்டர் படிவம் வந்தது.
அவன் கையெழுத்தில் நூற்றெண்பது.
அதன்மேல் ஒரு கோடு.
பக்கத்தில் நூற்றைம்பது.

அவள் நூற்று முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தாள்.
நடுவில் பதினைந்து கிலோ.
நாற்பது ஹெக்டேருக்குப் பெருக்கிப் பார்த்தாள்,
பென்சிலைக் கீழே வைத்தாள்.
மேற்கு வயல் என்று இருந்த இடத்தில் மட்டும்
சின்னதாக எழுதினாள்:
பூஜ்யம், ஒரு பட்டை.
இந்தத் தடவை சாலையிலிருந்து தள்ளி.