மஞ்சளா ஆரஞ்சா

எங்கள் மணல்திட்டில் செல்போனுக்கு
ஊர் எது என்று தெரியாது.
தண்ணீர்த் தொட்டியடியில் நின்றால் பழவேற்காடு,
சவுக்குப் பக்கம் இருபது அடி நகர்ந்தால்
தடா டவர் பிடித்துக்கொண்டு
தெலுங்கில் வரவேற்கும்.

அதனால் செவ்வாய்க்கிழமை சாயந்திரம்
ஒரே கடலுக்கு இரண்டு எச்சரிக்கை.
தமிழில் ஆரஞ்சு.
தெலுங்கில் மஞ்சள்.

மைக் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது.
மாதம் எழுநூறு தருவதாகப் பேச்சு,
பங்குனியோடு நின்றுபோனது.
'அலைகள் இரண்டு புள்ளி ஒன்பது முதல்
மூன்று புள்ளி நான்கு மீட்டர் வரை எழும்பக்கூடும்'
என்று வாசித்தால் ஒருத்தரும் தலை தூக்குவதில்லை.
தேசப்பன் வீட்டு டிஷ் உயரத்துக்கு வரும் என்றேன்.
தேசப்பன் ஏணி வைத்து ஏறி
டிஷ்ஷைக் கழற்றினான்.

படகுகளை மேலே இழுத்தோம்.
இன்ஜின்களை இறக்கிக் கோணியில் சுற்றி
வலைகளைச் சவுக்கு மரத்தில் கட்டி
கிழக்கே பார்த்து உட்கார்ந்தோம்,
பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல.
கடலும் வந்தது.
வாடையில் நுரை கிழிந்து முகத்தில் அடித்தது.
மேடு ஏறப் பார்த்தது, இறங்கியது,
மறுபடி பார்த்தது.

ஏரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேதவள்ளி சோறு வடித்தபோது
கஞ்சி ஓடிப் போகாமல்
நின்ற இடத்திலேயே வெள்ளையாக வட்டம் போட்டது.
குனிந்து விரலை வைத்து நாக்கில் தொட்டாள்.
உப்பு இல்லை.
'இது கடல் இல்லடி' என்றாள்,
'ஆந்திராவில் பெய்த மழை.'

ஆரணியாறும் காளங்கியும் இறக்கிய தண்ணீர்.
முகத்துவாரம் மண் தூர்ந்து ஆறு மாதம்.
மனு கொடுத்த ரசீது என் பெட்டியில் இருக்கிறது,
அதுவும் நனைந்திருக்கும்.

வாயை வெட்டிவிட வேண்டியதுதான்.
ஆனால் ஓதம் ஏறும் நேரம்.
இப்போது வெட்டினால் கடல் உள்ளே வரும்,
வத்தம் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும்.
என் போன் இரண்டு பத்து என்றது.
மஸ்தானய்யா குச்சி நட்டு
நகத்தால் கீறிக் கீறிப் பார்த்து
இரண்டரை என்றார்.
அந்த இருபது நிமிடத்துக்குச் சண்டை நடந்தது.
முழங்காலில் இருந்த தண்ணீர்
தொடைக்கு வந்தபின் சண்டை நின்றது.

ஏகாம்பரம் மட்டும்
'வடக்கே நூறு பாகம் தள்ளி வெட்டுங்க,
என் வீட்டுக்கு அந்தாண்டை' என்று
ஒவ்வொருவர் தோளையும் பிடித்துச் சொன்னார்.
வடக்கே மேடு அதிகம்,
மண்வெட்டி பதினொன்றுதான்.
அவருக்குப் பதில் சொன்னவர் இல்லை.
கடைசியில் அவரும் ஒன்றை வாங்கி
எங்களோடு வெட்டினார்.

எட்டடி அகலம்.
அன்னக்கூடையால் அள்ளினோம், பிறகு கையால்.
குச்சியில் ஒரு விரல் ஈரம் தெரிந்ததும்
மஸ்தானய்யா 'கானீ' என்றார்.
கடைசி மண்ணைத் தள்ளியதும்
முதலில் ஒரு நூல் போல ஓடியது.
அப்புறம் நாங்கள் ஓடினோம்.

ராத்திரி முழுக்க ஏரி வெளியே போனது.
இறால் கூடு, பால்வாடி பெஞ்சு,
கயிற்றோடு ஓர் ஆடு,
யாருடையதோ பூட்டிய டிரங்குப் பெட்டி.
இருட்டில் மண் சரியும் சத்தம்
தூரத்தில் யாரோ புடவை உதறுவது மாதிரி
விட்டு விட்டு வந்தது.

விடிந்து பார்த்தால் எட்டடி
இருநூறு அடி.
எங்கள் தீவு இரண்டாகியிருந்தது.
போன் இரண்டு முறை அதிர்ந்தது:
தமிழில் எச்சரிக்கையை விலக்கிவிட்டார்கள்,
தெலுங்கில் அப்போதுதான் ஆரஞ்சு.

அக்கரையில் ஏகாம்பரம்,
பின்னால் அவர் வீடு, வேறு வீடில்லை.
கையைக் குவித்து ஏதோ கூப்பிட்டார்.
காற்று அதைத் தெற்கே கொண்டுபோனது.
மைக்கை எடுத்தேன், கரண்ட் இல்லை.
சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து
தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.
தீப்பெட்டியாக இருக்கலாம்.
இருக்கிறது என்கிறாரா
இல்லை என்கிறாரா,
அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.
நானும் கையைத் தூக்கினேன்.