அதே ஐந்து எழுத்து

கிரீனக்கில் மழை ஓய்ந்தால் அது செய்தி.
இன்று செய்தி இல்லை.

கேக் கடையின் பின்கட்டில்
செங்கா டாக்கர்டி
க்ரீம் பையின் நுனியைக் கத்தரிக்கிறாள்.
முப்பத்தோரு வருஷமாய் இதே மேசை.
ஊரில் எந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று
பதிவு அலுவலகத்துக்கு அடுத்து
தெரிந்தவள் இவள்தான்,
என்ன, சரியாக ஒரு வருஷம் தாமதம்.

லின்ஸிகள் வந்த காலம் ஒன்று இருந்தது,
ஒரே சனிக்கிழமையில் மூன்று.
பிறகு கைலிகள். க்ரீம் மிச்சம்.
பிறகு அகராதிக்கே புதிதான பெயர்கள்;
தாளில் எழுதி வாங்கிக்கொள்வாள்:
"ஒய் ஒன்றா கண்ணே, இரண்டா?"

ஆக்னஸ்களுக்கு மட்டும்
மெழுகுவர்த்தி கூடிக்கொண்டே போனது.
எழுபது. எண்பது.
எண்பத்தைந்துக்குச் சர்க்கரை குறைத்து.
அப்புறம் கேக் கேட்டு யாரும் வரவில்லை.
சாண்ட்விச் கேட்டு வந்தார்கள்,
நூற்றிருபது, ஓரம் வெட்டி,
தேவாலயக் கூடத்துக்கு.

நேற்று ஒரு பையனும் பெண்ணும்,
நனைந்த கோட்டு, நெஞ்சில் கட்டிய தூளி.
ஆக்னஸ் என்று எழுத வேண்டும் என்றார்கள்.
"தொண்ணூறா?" என்றாள் செங்கா,
பேனாவைத் தேடியபடி.
"ஒன்று."
தூளிக்குள்ளிருந்து ஆக்னஸ்
தன் காலுறையைச் சப்பிக்கொண்டே
இவளைப் பார்த்தாள்.

அறுபத்து மூன்றில்
இரண்டாவது பெண்ணுக்கு
அப்பனைப் பெற்றவள் பெயர் என்பது
அந்தத் தெருவின் சட்டம்.
அவள் பெயர் ஆக்னஸ்:
மருமகள் வைத்த சூப்பில் மறுபடி உப்பிட்டவள்,
மடித்த போர்வையைப் பிரித்து மடித்தவள்.
பதிவாளர் முன்னால் மருமகள்
அதே ஐந்து எழுத்தைக்
கடைசியிலிருந்து சொன்னாள்.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.
மாமியாரால் குறை சொல்ல முடியவில்லை.
பேசவும் முடியவில்லை, ஈஸ்டர் வரைக்கும்.

வேறு வீடுகளிலும்
உப்பு கூடியிருக்க வேண்டும்.
வகுப்பில் இவளோடு நான்கு செங்காக்கள்.

பிறகு அது பெயராக இல்லாமல் போயிற்று.
நகைச்சுவை நாடகத்தில்
பஸ் நிறுத்தத்தில் சிகரெட்டும் சண்டையுமாய்
ஒருத்தி வந்தால், அவள் செங்கா.
மற்ற மூவரும் வேலைக்கு மனுப் போடும்போது
நடுப்பெயருக்கு மாறிக்கொண்டார்கள்.
இவள் மாறவில்லை.
இவள் நடுப்பெயர் யூஃபீமியா.

தமிழில் எழுதிப் பார்க்கிறேன்,
ஒரு ய் தான் பாக்கி:
செங்காய்.
பச்சை விட்டுப் போய்விட்டது, பழுக்கவும் இல்லை.
புதுசு என்று சொல்ல முடியாது;
யாராவது தேடிவந்து எடுத்துத் தூசி தட்டும்
பழசும் ஆகவில்லை.
ஆக்னஸுக்கு ஆகிவிட்டது.

க்ரீம் இறங்குகிறது. ரோஜா நிறம்.
முதல் எழுத்தில் மட்டும்
கொஞ்சம் அழுத்திவிட்டாள்.

நாலு மணிக்கே இருட்டிய ஜன்னலில்
கேக்கும் அவள் கையும் தெரிகின்றன.
அங்கே எழுத்துகள்
முதுகைக் காட்டிக்கொண்டு
மறுபக்கமாய் வரிசை கட்டி நிற்கின்றன.
அவள் பார்த்தாளா, தெரியாது.
விரலில் ஒட்டியதை நக்கிவிட்டுப்
பெட்டியை மூடி
மூடியில் எழுதுகிறாள்:
பதினாறு பவுண்ட். பாக்கி ஆறு.
மெழுகுவர்த்தி ஒன்று, இலவசம்.