பதினேழு மில்லிமீட்டர்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, இரண்டாம் தளம்,
கொரோனா வார்டின் கடைசித் தடுப்பு.
எக்கோ மெஷினுக்குப் பாலித்தீன் உறை, எனக்கும்.
கண்ணாடிக்குள் வியர்வை இறங்கி
உதட்டில் உப்புக் கரித்தது.

டாக்டர் அருள்செல்வி சுவரில் ஒட்டிய தாளில்
ஒரே வரி:
வலது கீழறை, பதினேழுக்குக் குறைந்தால் மாடிக்கு.

நெஞ்சைப் படம் பிடித்தோம், ரத்தம் எடுத்தோம்,
விரலில் கிளிப் மாட்டினோம்.
எல்லாம் இன்றைச் சொல்லும்.
நாளையைப் பற்றிக் கொஞ்சமாவது வாய் திறந்தது இதுதான்:
துடிப்புக்குத் துடிப்பு
மூவிதழ் வால்வின் வளையம்
இதயத்தின் நுனியை நோக்கி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது.
நுரையீரல் சேறாகிப்போனால்
அதற்குள் ரத்தம் தள்ளுகிற வலப்பக்கம்தான்
முதலில் களைக்கும்.
ஆள் பேசிக்கொண்டே இருப்பார்.
வளையம் பதினொன்றுக்கு வந்திருக்கும்.
அதை எழுதிய கையாலேயே
அவருக்கு டம்ளரில் வெந்நீர் கொடுத்திருக்கிறேன்.

மாடியில் அன்றிரவு ஒரு கட்டில்.

முதலில் முக்கூடல் செந்தூர்க்கனி, பீடி சுற்றுகிறவள்.
மூன்று துடிப்பு அளந்து சராசரி போட்டேன்.
பதினேழு. புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம்.
"முடிஞ்சிட்டா தாயி?" என்றாள்.
ஜெல்லைத் தன் முந்தானையாலே துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஆவுடைநாயகம்.
மருதூர் அணைக்கட்டில் லஸ்கர்.
விடியக் கோலில் தண்ணீர் பார்த்து
ஆபீசுக்குப் போன் போடுகிற வேலை.
மூச்சுக்கு மூச்சு நிறுத்தி
திரையைக் காட்டிக் கேட்டார்:
"இதுல அடி எங்க இருக்கு?"

முதல் துடிப்பு பதினேழு புள்ளி இரண்டு.
அடுத்தது பதினாறு புள்ளி ஆறு.
மூன்றாவது பதினேழு புள்ளி ஒன்பது.

நடுவில் உள்ள படம்தான் தெளிவு என்று
எனக்கு நானே சொன்னேன்.
கொஞ்சம் தெளிவுதான்.
ரிப்போர்ட்டில் அது ஒன்றை மட்டும் எழுதினேன்.
ஸ்ட்ரெச்சர் அவரிடம் வந்தது.

ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.
அடி எங்கே என்று
அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பதினான்காம் படுக்கையில்
மறுநாள் வேறொருவர் இருந்தார்.
செந்தூர்க்கனி மாடிக்குப் போனாளா,
முக்கூடலுக்கா, சிந்துபூந்துறைக்கா,
கேட்கவில்லை.
ரிஜிஸ்தர் என் மேசையிலிருந்து ஏழடி தூரத்தில் இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து
ஃபிட்னஸ் சீட்டுக்கு வந்தார் ஆவுடைநாயகம்.
முகம் மூடாத என்னை அவருக்கு அடையாளமில்லை.
வளையம் இருபத்திரண்டு இறங்கியது.
"எம்புட்டு இருக்கு?"
"நல்லா இருக்கு."

கோல்ல அலை அடிச்சா எந்த அளவை எழுதுவீங்க,
கேட்டுவிட்டேன்.
"வெள்ளக் காலம்னா
அலை தொட்ட மேல்கோட்டையே எழுதிருவேன்.
கூட எழுதினா யாருக்கு என்ன நட்டம்?
ஷட்டரைக் கொஞ்சம் முன்னால தூக்குவாவ, அம்புட்டுதான்லா."
சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

அவருடைய கோலுக்கு எதிரே
இன்னொரு கோல் நிற்கவில்லை.

இடம் நிறைந்துவிட்டது என்கிறது மெஷின்.
பழைய படங்களை அழிக்கவா? ஆம். இல்லை.
பட்டியலை இறக்கிப் பார்த்தால்
அவர் பெயருக்கு நேரே மூன்று படம்.
ரிப்போர்ட்டுக்குப் போகாத இரண்டும் அதில்.
இருபது நிமிஷம் முந்தி, ஒரு வரி மேலே,
செந்தூர்க்கனி, வயது நாற்பத்தொன்று. மூன்று படம்.
மூன்றிலும் வளையம்
இறங்கி ஏறி, இறங்கி ஏறி.

இல்லை என்று அழுத்தினேன்.
நாளைக்கும் கேட்கும்.